கொரோனா ஊசி போட்டதாலதான் கல்லீரல் கெட்டுச்சா? கே.கே. நகர் மாமாவின் லேப் ரிப்போர்ட் சொல்வது என்ன? | விளக்கம்

"கொரோனா ஊசி போட்டதுலேர்ந்துதான் மாப்ள லிவர் போச்சு."

திருச்சி கே.கே. நகரில் இருக்கும் என் மாமா போன மாதம் போனை எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். எப்படி இருக்க, சாப்ட்டியா எதுவும் கிடையாது. போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட்டின் போட்டோ வந்தது. எஸ்.ஜி.பி.டி. 96. எஸ்.ஜி.ஓ.டி. 71. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'. அதற்குக் கீழேயே ஒரு ஃபார்வர்டு: தடுப்பூசி போட்டவர்களின் கல்லீரல் ஐந்து வருடத்தில் கரைந்துவிடுமாம், உடனே பத்து பேருக்கு அனுப்ப வேண்டுமாம்.

ஃபார்வர்டோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மாமா மூன்று முடிவு எடுத்து வைத்திருந்தார். இனி எந்த ஊசியும் போட மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அதில் அடக்கம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் சீந்தில் சாறு குடிக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் போகப் போவதில்லை.

மாமா மட்டும் இல்லை. உழவர் சந்தை வாசலில் டீ குடிக்கிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் பேசுகிறார்கள் என்கிறார் அவர். இருக்கலாம். தடுப்பூசி போட்டு இத்தனை வருடம் ஆன பிறகும், உடம்பில் எது வந்தாலும் பழி அந்த ஊசி மேல்தான் விழுகிறது. கல்லீரல் விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்கு ஏதாவது அடிப்படை இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மாமா நினைக்கிற இடத்தில் இல்லை. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், கொரோனா வந்தா கல்லீரலுக்கு என்ன ஆகும்?

கொரோனா நுரையீரல் நோய் என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த முதல் மருத்துவ அறிக்கைகளிலேயே கல்லீரல் இடம்பிடித்துவிட்டது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 14 முதல் 53 சதவீதம் பேருக்கு கல்லீரல் நொதிகள் அளவுக்கு மேல் இருந்ததாக அந்த அறிக்கைகள் சொன்னன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எண்ணிக்கை மாறியதால்தான் இவ்வளவு பெரிய இடைவெளி.

ஏன் ஏறுகிறது? ஒரே காரணம் இல்லை. கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற ஏற்பி, கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளச் செல்களிலும் இருக்கிறது. அதனால் நேரடித் தாக்குதலுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் பெரிய பங்கு வேறு வழிகளில் வருகிறது. ஆக்சிஜன் 85, 80 என்று இறங்கும்போது மூச்சு மட்டும் திணறுவதில்லை, கல்லீரலும் திணறுகிறது. வைரஸை அடிக்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி கட்டுக்கடங்காமல் போய் உடம்பு முழுக்க அழற்சியை உண்டாக்கும்போது அதன் சூடு கல்லீரலிலும் படுகிறது.

மூன்றாவது காரணம் மருந்து. இரண்டாவது அலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம், ரெம்டெசிவிர் கிடைக்குமா என்று ஊர் ஊராக அலைந்தோம். அந்த ரெம்டெசிவிரே கல்லீரல் நொதிகளை ஏற்றக்கூடிய மருந்து. நொதி அளவு சாதாரண வரம்பைப் போல 5 மடங்குக்கு மேல் இருப்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதலிலேயே இருந்தது. இன்னொரு பக்கம் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். 650 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு நான்கு போட்டால் 2.6 கிராம். நல்ல கல்லீரல் தாங்கும். சிரோசிஸ் உள்ளவருக்கு டாக்டர்கள் வைக்கும் எல்லை பொதுவாக 2 கிராம்தான். தினமும் குடிப்பவருக்கும் அதே எச்சரிக்கை.

நான்காவது காரணத்தை அந்த நேரத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, ஸ்டீராய்டு அதிகமாகப் போனால் அந்த வைரஸ் எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு. தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த நொதி ஏற்றம் லேசானது. கொரோனா குணமானதும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். மிகக் கடுமையாக நோய்வாய்ப்பட்டு வென்டிலேட்டர் வரை போய் மீண்ட சிலருக்கு மட்டும், மாதங்கள் கழித்துப் பித்தநாளங்கள் சேதமாகி மஞ்சள் காமாலை வந்தது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை 2,047 கொரோனா உள்நோயாளிகளைத் திரும்பிப் பார்த்தபோது 12 பேருக்கு இப்படி ஆகியிருந்தது. குறைவான எண்ணிக்கைதான். ஆனால் அவர்களில் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை பேச்சு போனது.

எஸ்.ஜி.பி.டி. 96-ன்னா லிவர் போச்சுன்னு அர்த்தமா?

இங்கேதான் மாமா முதலில் பயந்தார். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். இப்போது சில லேப்கள் இவற்றை ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்றும் அச்சடிக்கின்றன, ஒன்றுதான். செல் அடிபட்டால் இவை ரத்தத்தில் கசியும். வழக்கமாக 40-ஐ ஒட்டிய எண்ணை வரம்பாக வைப்பார்கள், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஆக 96 என்பது 'உள்ளே ஏதோ அடிபடுகிறது, என்னன்னு பாரு' என்று அடிக்கும் மணி. கல்லீரல் வேலையை நிறுத்திவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதே ரிப்போர்ட்டில் வேறு வரிகளைப் பார்க்க வேண்டும். பிலிருபின், ஆல்புமின், கூடவே ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். கழிவை வெளியேற்றுகிறதா, புரதம் செய்கிறதா, உறைய வைக்கும் பொருட்களைச் செய்கிறதா என்பது இவற்றில் தெரியும். மாமாவுக்கு இந்த மூன்றும் சரியாகவே இருந்தன. சிவப்பு எழுத்தில் இருந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு, கறுப்பில் இருந்த மிச்சத்தை விட்டுவிட்டார். நாம எல்லாரும் அப்படித்தான் படிக்கிறோம்.

இன்னொன்று. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. கொரோனா காய்ச்சலில் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது மாதிரி வலித்ததே, அந்தத் தசைச் சேதமும் இந்த எண்ணை ஏற்றும். முந்தின நாள் ஜிம்மில் அளவுக்கு மீறி எடை தூக்கினாலும் ஏறும். ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு?

இது வேறு கதை. கொஞ்சம் கனமான கதை.

2020-ல் பல நாட்டு கல்லீரல் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கினார்கள். நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவருக்கு கொரோனா வந்தால் என்ன ஆகிறது என்று அதில் பதிவு செய்தார்கள். 745 நோயாளிகளின் தகவல் அதில் அலசப்பட்டது. அதில் 386 பேருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய நிலை. முடிவு இதுதான்: சிரோசிஸ் இல்லாத கல்லீரல் நோயாளிகளில் 8 சதவீதம் பேர் இறந்தார்கள். சிரோசிஸ் இருந்தவர்களில் 32 சதவீதம்.

சிரோசிஸிலும் படிகள் உண்டு. ஆரம்ப நிலையில் இருந்தவர்களில் 19 சதவீதம், நடு நிலையில் 35, முற்றிய நிலையில் 51 சதவீதம். முற்றிய நிலையில் கொரோனா வந்த இரண்டு பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. இவை தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்து எண்கள் என்பதை மனதில் வையுங்கள், கீழே இது தேவைப்படும்.

அவர்கள் எல்லாரும் மூச்சுத் திணறி மட்டும் இறக்கவில்லை. கொரோனா ஒரு தள்ளு தள்ளியதும், அதுவரை எப்படியோ ஓடிக்கொண்டிருந்த கல்லீரல் உட்கார்ந்துவிட்டது. வயிற்றில் நீர் கோர்ப்பது, நினைவு குழம்புவது, ரத்தக் கசிவு என்று அது வெளியே தெரிந்தது.

அப்ப தடுப்பூசி என்ன செஞ்சுது?

இந்தியாவில் தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், பிறகு முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்கள், கூடவே 45 முதல் 59 வயதுக்குள் இணை நோய் உள்ளவர்கள். அந்த இணை நோய்களுக்கு மத்திய அரசு 20 வகை கொண்ட ஒரு பட்டியல் போட்டது. முற்றிய சிரோசிஸ் அதில் இருந்தது. கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும், அதற்காகக் காத்திருப்பவர்களும் இருந்தார்கள். அதாவது, 'கல்லீரல் நோயாளிக்கு ஊசி ஆபத்து' என்று இன்றைக்கு ஃபார்வர்டு சுற்றுகிறதே, அன்றைக்கு அவர்களைத்தான் வரிசையில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வெறும் ஃபேட்டி லிவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லாருக்கும் கதவு திறந்ததால் அது பெரிய பிரச்சினை ஆகவில்லை.

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் போட்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். கோவாக்சின், கொன்று செயலிழக்க வைத்த கொரோனா வைரஸ். கோவிஷீல்டு, சிம்பன்சியிடம் சளி உண்டாக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி மாற்றி, அதன் முதுகில் கொரோனாவின் கூர்ப்புரதக் குறிப்பை ஏற்றி அனுப்புவது. இரண்டுமே உடம்பில் பெருகாது. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளைத் தவிர்ப்பது வழக்கம், இவை அந்த வகையில் வராது.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் சிரோசிஸ் நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தடுப்பூசி போட்ட 20,037 பேரை, போடாத அதே மாதிரி நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். முதல் டோஸ் போட்டு 28 நாள் கழித்துத் தொற்று 64.8 சதவீதம் குறைந்தது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு 78.6 சதவீதம். முற்றிய சிரோசிஸில் முதல் டோஸின் பலன் 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அங்கே போட்டது ஃபைசரும் மாடர்னாவும், நம் ஊசி வேறு. எனவே இதே சதவீதத்தை அப்படியே கே.கே. நகருக்குத் தூக்கி வர முடியாது. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது.

அதே ஆய்வாளர்கள் அடுத்ததாகக் கேட்ட கேள்வி நமக்கு இன்னும் முக்கியம். தடுப்பூசி போட்டும் கொரோனா வந்துவிட்ட சிரோசிஸ் நோயாளிக்கு என்ன ஆகிறது? போடாமல் கொரோனா வந்தவர்களோடு ஒப்பிட்டால், இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. ஊசி கல்லீரலுக்கு நேராகப் போய் மருந்து போடுவதில்லை. நோயைக் கடுமையாக விடாமல் பிடிக்கிறது. ஆக்சிஜன் இறங்கவில்லை, அழற்சி வெடிக்கவில்லை, ஐ.சி.யூ. மருந்துகள் தேவைப்படவில்லை என்றால் கல்லீரலுக்கு விழும் அடியும் குறைகிறது.

எல்லாருக்கும் ஊசி ஒரே மாதிரி வேலை செய்தது என்றும் சொல்லிவிட முடியாது. கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இஸ்ரேலில் அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு டோஸ் ஃபைசர் போட்டுப் பார்த்தபோது 47.5 சதவீதம் பேருக்குத்தான் போதிய எதிர்ப்பொருள் உருவானது. அவர்களுக்குக் கூடுதல் டோஸ் தேவை என்ற பேச்சு இங்கிருந்துதான் வலுத்தது.

சரி, ஊசியால கல்லீரல் கெட்டவங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். இதை மறைத்தால்தான் ஃபார்வர்டுக்குத் தீனி.

தடுப்பூசிக்குப் பிறகு, நம் நோய் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சிலருக்கு வந்தது. 18 நாடுகளிலிருந்து அப்படிப்பட்ட 87 பேரின் தகவலைச் சேகரித்து 2022-ல் ஒரு ஆய்வு வெளியானது. 59 சதவீதம் பேர் ஃபைசர், 23 சதவீதம் ஆஸ்ட்ராஜெனகா, 18 சதவீதம் மாடர்னா போட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்து மாற்று சிகிச்சை செய்தார்கள். மற்றவர்கள் குணமானார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோருக்குப் போட்ட ஊசியில் தேடிச் சேகரித்த எண்ணிக்கை இது. இந்தியாவில் மட்டும் 2022 ஜூலை 17-ல் 200 கோடி டோஸ் தாண்டிவிட்டது.

இரண்டாவது விஷயம் ரத்த உறைவு. 2024 ஏப்ரலில் இது பெரிய செய்தியானது நினைவிருக்கும். மிக அரிதாக டி.டி.எஸ். என்ற, தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் பாதிப்பை தங்கள் தடுப்பூசி உண்டாக்கலாம் என்று ஆஸ்ட்ராஜெனகா பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. கோவிஷீல்டு அதே ஃபார்முலா என்பதால் இங்கே பீதி. இந்த உறைவு மூளை ரத்தக்குழாயில் வருவதுபோல, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையிலும் வரலாம். அந்த வகையில் கல்லீரலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஆனால் இது 2021 வசந்த காலத்திலேயே ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு மருந்துச் சீட்டில் சேர்க்கப்பட்ட பக்கவிளைவு. ஊசி போட்ட சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வருவது. 2021-ல் ஊசி போட்டவருக்கு இப்போது திடீரென்று அதனால் வராது. கோவிஷீல்டு தயாரிப்பையே சீரம் நிறுவனம் 2021 டிசம்பரில் நிறுத்திவிட்டது.

மிச்சம் இருப்பது காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதைகள். தமிழ்நாட்டுக்கு அதில் மறக்க முடியாத ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் மக்களை ஊக்கப்படுத்த ஊசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். எங்கள் தெருவில் அடுத்த வாரம் ஊசி போடக் கிளம்ப இருந்த மூன்று வீடு அப்படியே நின்றது. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. நடுவில் இரண்டாவது அலை வந்து போய்விட்டது. போடாமல் நின்றவர்களை அந்த அலை எப்படி நடத்தியது என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் பிரிட்டனில் குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத ஹெபடைடிஸ் வந்தபோதும் பழி ஊசி மேல் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், தடுப்பூசியே போடாதவர்கள். பிறகு நடந்த ஆய்வுகள் வேறொரு வைரஸைக் கைகாட்டின.

திடீர் மரணங்களுக்கும் இதே பதில்தான். 19 மாநிலங்களில் 47 மருத்துவமனைகளில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வில், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களிடம் தடுப்பூசி அபாயத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அபாயம் குறைந்தே இருந்தது. அபாயத்தைக் கூட்டியவற்றில் ஒன்று, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மட்டுமீறிக் குடித்தது. இந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யக் காணோம்.

அந்த சீந்தில் சாறு...

மாமாவிடம் எனக்கு உண்மையில் பயம் வந்த இடம் இதுதான்.

கொரோனா நேரத்தில் நாடு முழுக்க 'எதிர்ப்பு சக்தி' மோகம் வந்தது. வடக்கே கிலோய் என்று சொல்வார்கள், நமக்குச் சீந்தில். 2020 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் மும்பையில் கல்லீரல் பாதிப்போடு வந்த 6 நோயாளிகளை டாக்டர்கள் கவனித்தார்கள். எல்லாரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். 2021-ல் இது மருத்துவ இதழில் வெளியானதும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சரியான செடிதானா, அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியா என்று உறுதி செய்யவில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். நியாயமான கேள்விதான். அடுத்த வருடம் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. பலருக்கும் நோய் எதிர்ப்பு சக்தி கல்லீரலையே தாக்கும் வகைப் பாதிப்பின் அடையாளங்கள் இருந்தன.

"அப்ப கபசுரக் குடிநீர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கபசுரக் குடிநீரின் 15 மூலிகைகளில் சீந்திலும் ஒன்று, உண்மை. ஆனால் மேலே சொன்ன அறிக்கைகள் சீந்திலைத் தனியாக, நாள்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பற்றியவை. கஷாயத்தில் அது பதினைந்தில் ஒரு பங்கு, அதுவும் சில நாள் குடிப்பது. இரண்டையும் ஒன்றாக்கி, தெருவில் கபசுரம் வாங்கிக் குடித்த எல்லாரையும் பயமுறுத்த இடமில்லை. அதே நேரம், நொதி ஏற்கெனவே ஏறியிருப்பவர், யார் பிழிந்தது என்றே தெரியாத பாட்டில் சாறை ஐந்து மாதம் வெறும் வயிற்றில் குடிப்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. மாமா செய்தது அதைத்தான். கல்லீரலைக் காப்பாற்ற ஊசியைத் தவிர்த்துவிட்டு, கல்லீரலைக் கெடுக்கலாம் என்று ஆதாரம் இருக்கிற ஒன்றைத் தேடிப் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

மாமாவின் ஃபைல்

மாமாவுக்குக் கொரோனா வந்தது 2021 மே மாதம். ஆக்சிஜன் தேவைப்படவில்லை, பத்து நாளில் வீடு திரும்பிவிட்டார். கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டால் போதும் என்று அந்த மாதம்தான் மத்திய அரசு அறிவித்தது. அதன்படி ஆகஸ்டில் முதல் கோவிஷீல்டு, நவம்பரில் இரண்டாவது. இடையில் உடம்பு ஏழு கிலோ கூடியது. வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். இந்தக் கடைசி இரண்டும் அவர் சொன்னதில்லை, அத்தை சொன்னது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் ஒன்று கேட்டேன். கொரோனாவுக்கு முன்னாடி மாமாவுக்கு ஏதாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அத்தை பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். 2019-ல் வயிற்று வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று அச்சடித்திருந்தது. கொரோனா என்ற வார்த்தையே நமக்குத் தெரியாத வருடம். அப்போது வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, அந்த ஒரு வரியை யாருமே படிக்கவில்லை.

இது மாமா வீட்டு விசித்திரம் இல்லை. இந்தியாவில் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கலாம் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் சொன்னார்கள். வலிக்காது, காமாலை வராது, தானாகத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு பயத்தில் நிறைய பேர் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார்கள். தேடியதால் கிடைத்தது. கிடைத்த நேரம் ஊசிக்குப் பின்னால் இருந்ததால், ஊசியால் வந்தது மாதிரி ஆகிவிட்டது.

மாமா ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "தேதி சரியா போட்ருக்கானா பாரு மாப்ள" என்றார்.

இப்ப யார் என்ன கவனிக்கணும்?

உங்களுக்கு கொரோனா வந்து லேசாகப் போய்விட்டது, இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், அதற்காக மட்டும் கல்லீரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை, உடல் பருமன், குடிப்பழக்கம் இருந்தால் அதற்காக எடுக்க வேண்டும். கொரோனா வந்திருந்தாலும் வராவிட்டாலும்.

நொதி ஏறியிருந்தால் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை மட்டும் இல்லை, லேகியம், பொடி, சாறு, ஜிம் பவுடர் எல்லாம். 'அது மருந்து இல்லையே' என்று நாம் விட்டுவிடுவதுதான் பல நேரம் விடையாக இருக்கிறது.

சிரோசிஸ் உள்ளவருக்கோ மாற்று சிகிச்சை செய்தவருக்கோ மறுபடி கொரோனா காய்ச்சல் வந்தால், வீட்டிலேயே மூன்று நாள் பார்ப்போம் என்று உட்கார வேண்டாம். முதல் நாளே டாக்டருக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். எந்தத் தடுப்பூசியாக இருந்தாலும், தட்டணு குறைவாக இருப்பதை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க அது போதும்.

கல்லீரலை நேரடியாகக் காக்கும் தடுப்பூசி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதுதான் மாமா மறுத்த ஹெபடைடிஸ் பி. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையிலேயே போடுகிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று டோஸ், ஆறு மாதத்தில் முடியும். போடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு இன்னொரு கல்லீரல் நோய் வந்து மேலே உட்காராமல் இருக்கத்தான் டாக்டர் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மாமா அந்த ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்திருக்கிறார். ஊசிக்கு இன்னும் 'பாக்கலாம்'தான். சீந்தில் பாட்டிலை அத்தை கொல்லைப்புறம் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிட்டார். ஆறு வாரம் கழித்து அடுத்த எஸ்.ஜி.பி.டி. எடுக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை எல்லா வரியும் தெரிகிற மாதிரி.